சிறு விவசாயிகளுக்குக் கைபேசியும் இணையமும் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் படுகையின் கடைமடையில், வாரத்தில் ஒரு மாலை ஊர்ப்புற நூலகத்தில் உட்கார்ந்து விவசாயிகளுக்குக் கைபேசி பழக்கித் தரும் சிறு குழு எங்களுடையது. தங்கள் ஊரிலும் இதைத் தொடங்க நினைக்கும் பட்டதாரி இளைஞர்கள், மகளிர் குழுத் தலைவிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆகியோர் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

எங்கள் ஊரில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. இதில் புதிதாகப் பழக்க என்ன இருக்கிறது?

வீட்டில் போன் இருக்கிறது என்பதும், விவசாயம் செய்பவரின் கையில் அது இருக்கிறது என்பதும் வேறு வேறு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த அளவு நிலத்தை வைத்திருப்பவர் தம் வயல் வேலை முடிந்ததும் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகிறார். பட்டன் போன் அவரிடமும், டச் போன் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடமும் இருக்கின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் வங்கியில் கொடுத்த எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகிறது.

டச் போன் வைத்திருப்பவர்களும் யூடியூப் பார்க்கிறார்கள், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்கள். ஆனால் சிட்டா (நிலம் யார் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வருவாய்த் துறைத் தாள்) எடுக்க வேண்டும் என்றால் பேருந்து ஏறி டவுனுக்குப் போகிறார்கள். போன் பிடிக்கத் தெரிவதற்கும் அந்தப் பயணத்தைத் தவிர்க்கத் தெரிவதற்கும் இடையில் உள்ள தூரம்தான் உங்கள் வேலை.

எந்தச் செயலியில் தொடங்குவது நல்லது?

எந்தச் செயலியிலும் தொடங்க வேண்டாம் என்பதே எங்கள் அனுபவம். ஆழ்துளைக் கிணறு உள்ள எந்த ஊருக்கும் போய் மொபைல் ஸ்டார்ட்டரைப் பாருங்கள். மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் சிம் அட்டை பொருத்திய ஒரு சிறு பெட்டி இருக்கும். விவசாயி வீட்டுத் திண்ணையில் இருந்தபடி அந்த எண்ணை அழைத்து, அது கேட்கும் கட்டளைக்கு ஏற்ப ஓர் எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும். மும்முனை மின்சாரம் வந்தால் அதுவே அழைத்துச் சொல்லும். முன்பெல்லாம் நள்ளிரவில் கரண்டு வரும்போது டார்ச்சோடும் பாம்புப் பயத்தோடும் வரப்பில் நடந்த மனிதர்தான் இவர். இதற்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பக்கத்து வயல்காரர் செய்து காட்டியதும் அன்றிரவே கற்றுக்கொண்டார். அவருடைய தொல்லை அவருக்குத் தெரியும், அது தீர்ந்ததையும் அன்றே கண்ணால் பார்த்தார்.

ஆகவே முதல் இரண்டு வாரம் எதையும் கற்றுக்கொடுக்காமல் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: "இந்த மாதம் எந்தெந்தக் காரியத்துக்காக எத்தனை தடவை டவுனுக்குப் போனீங்க?" சிட்டா நகலுக்கு, சிறு குறு விவசாயி சான்றுக்கு, யூரியா இருக்கிறதா என்று பார்க்க, நெல் கொள்முதல் பதிவுக்கு, உதவித்தொகை ஏறியதா என்று பாஸ்புக்கில் வரவு வைக்க என்று பட்டியல் நீளும். அதில் அதிகம் பேர் சொன்ன காரியம் எதுவோ அதுவே உங்கள் முதல் பாடம்.

பதிவு செய்ய உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடுகிறது. செயலியில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை, தாள்களில்தான் கோளாறு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் உழைப்பில் முக்கால் பங்கு இங்கேதான் போயிற்று.

ஒரு பெரியவர் வந்தார். ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் பி.எம். கிசான் உதவித்தொகை அவருக்குத் திடீரென்று நின்றுபோயிருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. பையைப் பிரித்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். ஆதாரில் அவர் பெயருக்குப் பின்னால் ஒற்றை முன்னெழுத்து இருந்தது. பட்டாவில் தகப்பனாரின் முழுப் பெயர் முன்னால் நின்றது. வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எழுதிய பெயரில் ஓர் எழுத்து கூடுதல். குடும்ப அட்டையில் இருந்தது ஊரில் எல்லாரும் அவரைக் கூப்பிடும் பெயர். நான்கும் அவர்தான். கணினிக்கு மட்டும் அவர்கள் நான்கு பேர்.

அதன் பிறகு நாங்கள் ஒரு நீள நோட்டு வாங்கினோம். ஒருவருக்கு ஒரு பக்கம். ஆதார், பட்டா, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை ஆகிய ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எந்தக் கைபேசி எண் இணைக்கப்பட்டிருக்கிறது என்று எழுத்து மாறாமல் அதில் குறித்துக்கொள்கிறோம். ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ எழுதுவதில்லை. இந்தப் பக்கம் நிரம்பும் முன் எந்தச் செயலியையும் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

நிலம் இன்னும் சிக்கலானது. பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். அல்லது கூட்டுப் பட்டாவாக இருந்து, ஐந்து பங்காளிகளில் இருவர் பேச்சுவார்த்தையில் இல்லாமல் இருப்பார்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ கொடுத்தால் சிட்டாவை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் அதில் யார் பெயர் இருக்கிறது என்பதைக் கைபேசி மாற்றித் தராது. பெயர் மாற்றத்துக்கு இ-சேவை மையம் வழியாகவோ இணையத்திலோ தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நில அளவர் வயலுக்கு வந்து அளக்க வேண்டும். விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பணியில் நில விவரமும் ஆதாரும் ஒன்றாக இணைக்கப்படுவதால், இதுவரை தள்ளிப்போட்ட இந்தக் கணக்குகளெல்லாம் இப்போது ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்கின்றன.

கைரேகையைப் பற்றியும் ஒரு சொல். நடவுக் காலத்தில் சேற்றிலும் தண்ணீரிலும் ஊறிய விரல்களை, ஆதாரைச் சரிபார்க்கும் ரேகைக் கருவி பல நேரம் ஏற்காது. பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அதை முதலில் முயலுங்கள். வெளிச்சம் முகத்தில் விழும்படி, வாசலைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். நூலகத்துக்குள் இருந்த மங்கலில் மூன்று முறை தோற்ற ஓர் அம்மாவுக்கு, வேப்ப மரத்தடியில் முதல் முயற்சியிலேயே சரியாயிற்று.

பட்டா பெயரில் இல்லாத பெண்களும் குத்தகை விவசாயிகளும் என்ன செய்வது?

நில ஆவணத்தை அடிப்படையாகக் கொண்ட எந்தத் திட்டமும் இவர்களை எளிதில் கண்டுகொள்ளாது. இதைச் செயலி தீர்க்கும் என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த பெண்ணின் பெயர் மாமனார் பெயரில் உள்ள பட்டாவில் இல்லாதபோது பதிவுப் பக்கத்தில் அவருக்கு இடமில்லை. குத்தகைக்காரர் பயிர்க் காப்பீட்டில் சேரலாம். ஆனால் அதற்கான அடங்கலை, அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு நகலை, கிராம நிர்வாக அலுவலரிடம் பெற வேண்டும், நில உரிமையாளர்கள் பலர் அதற்கு முகம் சுளிப்பார்கள்.

இவர்களுக்கு ஆவணம் கேட்காத பயன்பாடுகளை முதலில் பழக்குகிறோம்: வானிலை, விலை, பயிர் நோய் ஆலோசனை, குழுக் கணக்கு. மகளிர் குழுவில் ஒருவர் கைபேசியில் கணக்கு எழுதத் தொடங்கிவிட்டால் மற்ற பதினோரு பேரும் அவர் தோளுக்குப் பின்னால் இருந்து கற்றுக்கொள்வதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம்.

இதற்கு முன் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா?

நம் பக்கத்திலேயே செய்திருக்கிறார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம் இருந்தது. அங்கிருந்து கம்பியில்லாத் தொடர்பு வழியாகத் தகவல்கள் கிராம மையங்களுக்குப் போயின. கரண்டு நிற்கும் என்பதால் சூரிய மின்தகடுகளும் வைத்தார்கள். எம்பலத்தில் மையத்துக்குக் கோயில்தான் இடம் கொடுத்தது. மையங்களை நடத்தியவர்களில் உள்ளூர்ப் பெண்கள் பலர்.

அதில் எங்களுக்குப் பிடித்தது வீராம்பட்டினம். அது மீனவர் ஊர். அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் வந்த அலை உயரக் கணிப்பை மையத்தில் இறக்கி, தமிழாக்கி, கடற்கரையில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கணினி ஒன்றுதான், அதைத் தொட்டவர்கள் ஓரிருவர்தான். கட்டுமரக்காரர் காதில் விழுந்ததோ அவர் மொழியில் அவருக்கு வேண்டிய ஒரே ஒரு எண். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரில் இருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கையை இப்படிப்பட்ட ஒலிபெருக்கியில்தான் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள்.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 வாக்கில் சென்னை ஐ.ஐ.டி. தொடர்புடைய ஒரு முயற்சியில் ஊர்தோறும் இணையக் கூடங்கள் வந்தன. நோய் கண்ட பயிரின் படத்தை வேளாண் கல்லூரிக்கு அனுப்புவது, கண்ணைப் படமெடுத்து மருத்துவமனைக்கு அனுப்புவது போன்றவை அப்போதே நடந்தன. பின்னர் கூடங்கள் நிலைக்கவில்லை. ஒருவர் கடை திறந்து, மின் கட்டணம் கட்டி, நாள் முழுதும் உட்கார வேண்டுமானால் அவருக்கு வருமானம் வேண்டும். வரும் கூட்டமோ வேளாண்மைக்காக அல்லாமல் தேர்வு முடிவு பார்க்கவும் புகைப்படம் எடுக்கவும் வந்தது. உங்கள் திட்டத்தில் மாலை நேரத்துக்கு யார் உட்காருவார், அவருக்கு டீச்செலவு யார் தருவார் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள்.

பட்டன் போன் மட்டும் உள்ளவர்களை விட்டுவிடுவதா?

விடக் கூடாது. கிசான் அழைப்பு மையம் 2004 முதல் இயங்குகிறது. 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணை எந்தப் போனிலிருந்தும் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைப் போனில் சேமித்துக் கொடுத்தால் மட்டும் போதாது, உங்கள் முன்னால் ஒரு தடவை பேச வையுங்கள். "அரசாங்க ஆபீசருக்குப் போன் போடறதா?" என்ற தயக்கம் அந்த ஒரு அழைப்பில் போய்விடும்.

அதோடு ஒரு கரும்பலகை. எங்கள் பேருந்து நிறுத்தத்தில் செவ்வாயும் வெள்ளியும் வானிலை வேளாண் ஆலோசனையை எழுதிப் போடுகிறோம், ஏனென்றால் அந்த இரண்டு நாள்களில்தான் வானிலைத் துறையின் ஆலோசனை அறிக்கை வெளியாகிறது. மேக்தூத் செயலியில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவர் இருந்தால் போதும்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

தட்டச்சைத் தொடவே வேண்டாம். மைக் குறியை அழுத்திப் பேசினால் தமிழில் எழுத்தாகிவிடும் என்பதைக் காட்டுங்கள். "நெல் குலை நோய்" என்று அவர் பேச, அவர் பேசியது திரையில் எழுத்தாக வந்து நிற்கும்போது முகத்தில் வரும் சிரிப்புக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். வட்டார உச்சரிப்பில் சில சொற்கள் தவறாக விழும். அப்போது மீண்டும் பேசச் சொல்லுங்கள், நீங்கள் திருத்தாதீர்கள்.

பொதுவாகவே போன் அவர் கையில்தான் இருக்க வேண்டும். பிடுங்கி, நாலு தட்டு தட்டி, "முடிஞ்சிது பெரியப்பா" என்று திருப்பிக் கொடுப்பது உதவி போலத் தோன்றும். அடுத்த மாதம் அவர் மீண்டும் உங்களைத் தேடி வருவார்.

விலையைத் தெரிந்துகொண்டால் கூடுதல் விலை கிடைக்குமா?

சில பொருளுக்குக் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைபேசி பரவியபோது மத்தி மீன் சந்தைகளில் நடந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, கிராக்கியுள்ள துறைக்குப் படகைத் திருப்பினார்கள். அவர்கள் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, வாங்குவோருக்கான விலை 4 விழுக்காடு குறைந்தது, மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுபோனது. இந்த ஆய்வைச் சொல்லித்தான் பலர் விலைச் செயலிகளை விற்கிறார்கள். ஆனால் அந்த மீனவருக்குப் படகு சொந்தமாக இருந்தது, எந்தத் துறைக்கும் போகலாம். நம் வெண்டைக்காய்க்காரர் மூன்று மூட்டையை வைத்துக்கொண்டு நூறு கிலோமீட்டர் தாண்டிய சந்தையில் விலை நன்றாக இருக்கிறது என்று தெரிந்து என்ன செய்வார்? விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கிய கமிஷன் மண்டிக்குத்தான் அவர் போட்டாக வேண்டும்.

மஞ்சள், பருத்தி, நிலக்கடலை, எள் போன்று இருப்பு வைக்கக்கூடிய விளைபொருளில் கதை வேறு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பல, 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தையோடு இணைந்திருக்கின்றன. இரண்டு நாள் பொறுத்து விற்க முடிந்தவருக்கு அந்த விலைப் பட்டியல் உண்மையிலேயே காசு.

நெல்லுக்கு விலை முன்கூட்டியே அரசு அறிவித்ததுதான். எங்கள் பகுதி விவசாயிக்கு வேண்டியது விலைத் தகவல் அல்ல. தன் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தனக்கு எந்தத் தேதி விழுந்திருக்கிறது, நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா, அதற்குள் மழை வருமா என்ற மூன்றும்தான். ஒரு ஆண்டு அறுவடை நேரத்தில் பதிவுத் தளம் இரண்டு நாள் திறக்கவில்லை. நெல்லைச் சாலையில் கொட்டித் தார்ப்பாய் போட்டுக் காவல் இருந்தவர்கள் எங்களைத்தான் திட்டினார்கள். திட்டியதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் "வரிசையில் நிற்கவே வேண்டாம்" என்று சொன்னவர்கள் நாங்கள்.

பயிர் நோயைப் படம் எடுத்து அனுப்பினால் சரியான பதில் வருமா?

படம் சரியாக இருந்தால் வரும். இலையைப் பறித்துக் கையில் பிடித்து, நேர் வெயிலில் எடுத்த படம் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நின்று எடுக்கச் சொல்லுங்கள். இலையின் மேற்புறம், அடிப்புறம், முழுச் செடி, நாலைந்து செடிகள் தெரியும் வயல் என நான்கு படம் வேண்டும். பூச்சிகள் அடிப்புறத்தில்தான் ஒளிந்திருக்கும். விதைத்து எத்தனை நாள், கடைசியாக என்ன மருந்து அடித்தது என்பதைக் குரல் பதிவில் சேர்த்து அனுப்பினால் உதவி வேளாண்மை அலுவலருக்குப் பதில் சொல்வது எளிது. தானாகவே நோயைக் கண்டறியும் செயலிகள் ஊட்டச்சத்துக் குறைபாட்டையும் நச்சுயிரி நோயையும் சில நேரம் குழப்பிக்கொள்கின்றன. படத்தைப் பார்த்ததும் ஒரு மருந்தின் வணிகப் பெயரையும் வாங்கும் பொத்தானையும் காட்டும் செயலியிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

உழவன் செயலி போதுமா?

2018-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட உழவன் செயலியில் மானியத் திட்டங்கள், உர இருப்பு, விதை இருப்பு, சந்தை விலை, வேளாண் இயந்திர வாடகை எல்லாம் ஒரே இடத்தில் தமிழில் இருக்கின்றன. அதையும் மேக்தூத்தையும் தவிர வேறெதையும் முதல் ஆறு மாதம் நாங்கள் நிறுவச் சொல்வதில்லை. போனில் இடமும் இருக்காது. உர இருப்பைக் காட்டும் பக்கத்தை நம்பிப் புறப்படும் முன், கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

பழக்கிவிட்டால் மோசடியில் மாட்டிக்கொள்ள மாட்டார்களா?

இந்த அச்சம் நியாயமானது. உதவித்தொகைத் திட்டத்தின் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் ஒரு கோப்பு வரும். அதைத் தொட்டு நிறுவினால் போனுக்கு வரும் ஓடிபிகள் வேறெங்கோ போய்விடும். வாட்ஸ்அப்பில் வரும் எந்தக் கோப்பையும் நிறுவக் கூடாது என்பதை நாங்கள் விதியாகவே சொல்கிறோம். இன்னொன்று, பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. "காசு அனுப்பறேன், பின் போடுங்க" என்று மாடு வாங்க வந்ததாகச் சொல்பவன் கேட்டால் அவன் அனுப்பப் போவதில்லை, எடுக்கப் போகிறான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூன்று நாள் மறைக்காமல் உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை இடையில் நிறுத்த வழி உண்டு.

பழக்கித் தரும் நாமும் இதில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர். யாருடைய பின் எண்ணையும் நாம் கேட்கக் கூடாது, சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. அவர் அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துத்தான் மற்றவரிடமும் அப்படி எதிர்பார்க்கக் கற்றுக்கொள்வார்.

வகுப்பை எப்போது, எத்தனை பேருக்கு வைப்பது?

நடவும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் வைக்காதீர்கள். மற்ற நாள்களில் மாலை ஏழு மணிக்கு மேல். ஆறு பேருக்கு ஒரு பழக்குநர் வேண்டும், அதற்கு மேல் போனால் அது கூட்டம். புரொஜெக்டர் வேண்டாம். திரையில் தெரியும் போனும் அவர் கையில் உள்ள போனும் ஒன்றுபோல் இருக்காது, பொத்தான்கள் இடம் மாறியிருக்கும்.

தொடங்க என்னென்ன வாங்க வேண்டும்?

ஆறு ஓட்டை உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, ஏனென்றால் பாதிப் போன்கள் சார்ஜ் இல்லாமல்தான் வரும். பழைய பின் சார்ஜர் இரண்டு, புதியது இரண்டு. சிக்னல் எந்த மூலையில் கிடைக்கிறது என்று முன்னாளே நடந்து பார்த்து, அங்கே பெஞ்சைப் போடுங்கள். நீள நோட்டு ஒன்று. எழுத்துப் பெரிதாகத் தெரிய ஒரு கண்ணாடி, நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் வெள்ளெழுத்துக்குப் போடும் இரண்டு பாயிண்ட் கண்ணாடி. எங்கள் மேசையில் அதிகம் கைமாறியது அதுதான். "எனக்குப் படிப்பு வராதுப்பா" என்று மூன்று வாரம் ஒதுங்கி நின்றவர் அதை மாட்டிக்கொண்டு, தன் சிட்டாவில் இருந்த புல எண்ணைத் தானே வாசித்தார்.